உபகாரமா, ஊதியமா?

பென்ஷன் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நம்மவர் முன்னாளில் இட்டு வழங்கிய பெயர் உபகாரச் சம்பளம் என்பதாகும். பின்னர் ஓய்வூதியம் என்னும் சொல் அதனிடத்தில் வந்து அமர்ந்தது. சொல் மாறிவிட்டது, கருத்து மாறியதா என்பதுதான் கேள்வி. உபகாரம் என்றால் கொடுப்பவன் மனம் வைத்தால் உண்டு, மனம் வைக்காவிட்டால் இல்லை. குறைத்துக் கொடுத்தாலும் வாங்குபவன் வணங்கிப் பெற்றுக்கொள்ள வேண்டும். சம்பளமோ உழைத்தவன் நிமிர்ந்து நின்று கேட்டுப் பெறுவது. அதில் ஒரு காசு குறைந்தாலும் காரணம் கேட்க அவனுக்கு உரிமை உண்டு. இவ்விரண்டில் தொழிலாளியின் ஓய்வூதியம் எது?

இக்கேள்வியை எழுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஆலைகளிலும் நிறுவனங்களிலும் உழைத்து ஓய்ந்தவர்கள், 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ்ப் பணம் பெறுவோர், பல ஆண்டுகளாகக் குறைபட்டுக்கொண்டிருக்கிறார்கள். தில்லியில் ஜந்தர் மந்தரில் முதியவர்களும் கணவனை இழந்த மூதாட்டிகளும் பன்முறை கூடி முறையிட்டார்கள். ரூ. 7,500 குறைந்தபட்ச ஓய்வூதியமும் பஞ்சப்படியும் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இது ஆலைத் தொழிலாளரின் விவகாரம், கூட்டுறவு அங்கத்தினராகிய நமக்கு இதில் என்ன என்று நாம் இருந்துவிட முடியாது. கூட்டுறவு நூற்பாலைகளில் நூல் நூற்றவர்களும், கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் கரும்பு அரைத்தவர்களும், பால் ஒன்றியங்களில் பணி செய்தவர்களும் இத்திட்டத்திற்குள் வந்தவர்களே. நெசவாளிக்கு நூலும், பயிரிடுவோருக்குக் கரும்புப் பணமும் அவர்கள் கை வழியாகவே வந்தன. மேலும், அவர்களுக்கு முதலாளியாக இருந்தது அங்கத்தினராகிய நாமே.

ஒத்திவைத்த கூலி

முதலில் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1951 நவம்பரில் அவசரச் சட்டமாகப் பிறந்து, 1952-இல் பார்லிமெண்டின் சட்டமாக உறுதி பெற்றது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி. தொடக்கத்தில் ஆறு தொழில்களுக்கே அது விதிக்கப்பட்டது. ஜவுளித் தொழில் அவற்றுள் ஒன்று. 1971-இல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் ஏற்பட்டது. தொழிலாளி இறந்தால் அவன் மனைவி மக்களுக்கு ஏதேனும் கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம். 1995 நவம்பர் 16-ஆம் தேதி முதல் இன்றைய ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

இத்திட்டத்திற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் நிர்வாகம் வைப்பு நிதிக்குச் செலுத்துகிறது. அதில் 8.33 பங்கு ஓய்வூதிய நிதிக்குப் போகிறது, மிச்சம் 3.67 மட்டுமே தொழிலாளியின் சொந்தக் கணக்கில் ஏறுகிறது. மத்திய அரசாங்கம் தன் பங்காக 1.16 செலுத்துகிறது. 2014-இல் வைத்த சம்பள வரம்பாகிய ரூ. 15,000-க்குக் கணக்கிட்டால் நிர்வாகத்தின் பங்கு மாதம் ரூ. 1,250, அரசாங்கத்தின் பங்கு ரூ. 174.

இந்த 8.33 பங்கு 1995-க்கு முன் எங்கே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதில் பெரும்பகுதி தொழிலாளியின் வைப்பு நிதிக் கணக்கிலேயே வட்டியோடு வளர்ந்தது. ஓய்வு பெறும் நாளில் மொத்தத் தொகையாக அவன் கைக்கு வந்தது. அந்தத் தொகையை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஆயுள் உள்ளவரை மாதந்தோறும் பணம் என்னும் வாக்குறுதியை அவன் ஏற்றுக்கொண்டான். வெறுங்கையோடு யாரும் இத்திட்டத்திற்குள் வரவில்லை. ஆகவே ஓய்வூதியம் ஈகை அன்று. இன்று கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு பகுதியை நாளைக்கு என்று ஒத்திவைத்ததேயாகும்.

இது நம் கற்பனையும் அன்று. 1982 டிசம்பர் 17-ஆம் தேதி நகாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இக்கருத்தையே உறுதி செய்தது. ஓய்வூதியம் முதலாளியின் கருணையைப் பொறுத்ததன்று, முன்செய்த ஊழியத்திற்கு உரிய பலன் என்பது அத்தீர்ப்பின் சாரம். அவ்வழக்கு அரசாங்க ஊழியரைப் பற்றியது. ஆயினும் அவ்வூழியருக்கு உண்மையாயிருப்பது, தன் கூலியிலிருந்தே நிதிக்குப் பணம் விட்டுக்கொடுத்த ஆலைத் தொழிலாளிக்கு இன்னும் அதிகமாக உண்மையாகும் அல்லவா?

சூத்திரத்தில் விழுந்த வெட்டு

ஓய்வூதியத்தைக் கணக்கிடும் சூத்திரம் எளியது. ஓய்வூதியத்திற்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். எளிய சூத்திரமாக இருப்பதாலேயே அதில் ஓர் உறுப்பைச் சிறிது அசைத்தாலும் விடை மாறிவிடும். அப்படி அசைத்தார்கள்.

2014 ஆகஸ்டு வரை, கடைசிப் பன்னிரண்டு மாதங்களின் சராசரிச் சம்பளமே கணக்கில் கொள்ளப்பட்டது. 2014 செப்டம்பர் 1-ஆம் தேதி முதல் அது அறுபது மாதங்களின் சராசரி ஆயிற்று. இதனால் என்ன என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2014 செப்டம்பரில் வேலையில் சேர்ந்து, பத்தாண்டு உழைத்து, 2024 ஆகஸ்டில் 58 வயது நிரம்பி ஓய்வு பெற்ற ஒருவரைக் கொள்வோம். கடைசி ஐந்து ஆண்டுகளில் அவர் சம்பளம் ஆண்டுக்கு ஆயிரமாக உயர்ந்து, ரூ. 10,000-லிருந்து ரூ. 14,000 ஆயிற்று என்க. பழைய முறைப்படி 14,000-ஐப் பத்தால் பெருக்கி எழுபதால் வகுத்தால் ரூ. 2,000 கிடைக்கும். புதிய முறையில் ஐந்தாண்டுச் சராசரி ரூ. 12,000 ஆகிவிடுகிறது, ஓய்வூதியம் ரூ. 1,714. மாதம் ரூ. 286 குறைந்தது. இது ஒரு மாதத்து இழப்பு அன்று, ஆயுள் முழுதும் தொடர்வது. அவருக்குப் பின் மனைவிக்குரிய ஓய்வூதியமும் அவர் பெற்றதில் பாதி என்றே கணக்கிடப்படுகிறது.

அதே தேதியில் மற்றொரு மாற்றமும் வந்தது. சம்பள வரம்பு ரூ. 6,500-லிருந்து ரூ. 15,000-க்கு உயர்த்தப்பட்டது. இது நன்மையே. ஆனால் அத்தேதிக்கு முந்தைய பணிக்கு ரூ. 6,500 வரம்பும், பிந்தைய பணிக்கு ரூ. 15,000 வரம்பும் எனப் பிரித்துக் கணக்கிட விதித்தார்கள். 2005 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்டு வரை பதினெட்டு ஆண்டு உழைத்து, வரம்பளவு சம்பளத்தோடு ஓய்வு பெற்றவருக்கு முன் ஒன்பது ஆண்டுக்கு ரூ. 836, பின் ஒன்பது ஆண்டுக்கு ரூ. 1,928, ஆக மொத்தம் ரூ. 2,764 வருகிறது. பதினெட்டு ஆண்டுக்கும் ரூ. 15,000 கொண்டு கணக்கிட்டால் ரூ. 3,857 வந்திருக்கும். அக்காலத்தில் ரூ. 6,500-க்கே பணம் செலுத்தினார்கள், ஆகவே அவ்வளவே கிடைக்கும் என்பது நிர்வாகத்தார் கூறும் நியாயம். அதில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் 2001-இல் வைத்த வரம்பை விலைவாசி ஏற ஏற 2014 வரை அசையாமல் வைத்திருந்தவர்கள் தொழிலாளர் அல்லரே!

இவற்றிற்கு முன்பே, 2008 செப்டம்பரில், ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டி மொத்தமாகப் பெறும் வசதி எடுக்கப்பட்டது. 58 வயதுக்கு முன்பே ஓய்வூதியம் கேட்பவருக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று வீதம் குறைத்துவந்தது நான்காக உயர்த்தப்பட்டது. முன்கூட்டிக் கேட்பவர் யார்? ஆலை மூடப்பட்டு, ஐம்பது வயதுக்கு மேல் வேறு வேலை கிடைக்காமல் நிற்பவர். நம் மாநிலத்தில் கூட்டுறவு நூற்பாலைகள் பல மூடப்பட்டதை நாம் அறிவோம். வேலையை இழந்ததோடு, காத்திருக்க வழியில்லாத குற்றத்திற்காக ஓய்வூதியத்திலும் அவர் தண்டம் கட்ட வேண்டியதாயிற்று.

இம்மாற்றங்கள் அரசிதழ் அறிவிப்புகள் வாயிலாக வந்தவை. பணம் குறையும் தொழிலாளியை அழைத்து, உனக்கு இவ்வளவு குறையப் போகிறது, சம்மதமா என்று கேட்டவர் இல்லை. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் துணைவிதியை மாற்ற வேண்டுமானால் அங்கத்தினருக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, பொதுச்சபையைக் கூட்டி, தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். கோடிக்கணக்கான தொழிலாளரின் முதுமைக்காலச் சோற்றை அளக்கும் படியை மாற்றுவதற்கு அவ்வளவு சம்பிரதாயம்கூட வேண்டாமா?

வழக்கு மன்றத்துக்கும் போனார்கள். 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டுத் திருத்தங்களை நீக்கியது. 2022 நவம்பர் 4-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை மாற்றி, அறுபது மாதச் சராசரி செல்லும் என்று முடிவு கூறியது. வரம்புக்கு மேற்பட்ட உண்மைச் சம்பளத்திற்கு ஓய்வூதியம் பெற விரும்புவோருக்கு மட்டும் மீண்டும் ஒரு வாய்ப்பு அளித்தது. ஆகவே சராசரியைப் பொறுத்தவரை கோர்ட்டுப் படிகளை ஏறி முடித்தாயிற்று. இனி நியாயம் கேட்க வேண்டிய இடம் பார்லிமெண்டும் பொதுமக்கள் கருத்துமே ஆகும்.

விலைவாசியால் விழும் வெட்டு

சூத்திரத்தை மாற்றுவது கண்ணுக்குத் தெரியும் வெட்டு. தெரியாத வெட்டு ஒன்று உண்டு. ஓய்வூதியத்தை அப்படியே வைத்துவிட்டு விலைகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அது.

2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் ரூ. 1,000 என்று விதித்தார்கள். அதற்குமுன் நூறு இருநூறு என்று வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஆறுதலே. ஆனால் பத்தாண்டு கடந்த பின்னும் அத்தொகை அங்கேயே நின்றது. 2014-க்கும் 2024-க்கும் இடையே ஆலைத் தொழிலாளருக்கான விலைவாசிக் குறியீடு ஒன்றரை மடங்கைத் தாண்டி ஏறிவிட்டது. ரூ. 1,000 ரூ. 1,000-ஆகவே இருக்க, அது வாங்கும் சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துபோயிற்று. யாரும் உத்தரவு போடவில்லை, அரசிதழில் அறிவிப்பும் இல்லை. எனினும் வெட்டு வெட்டுத்தான்.

மத்திய அரசாங்கம் தன் ஊழியர்களுக்காக 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் பத்தாண்டு பணி முடித்தவருக்குக் குறைந்தபட்சம் மாதம் ரூ. 10,000; அதன்மேல் விலைவாசிக்கு ஏற்பப் படியும் உண்டு. தொழிலாளர் திட்டத்திலும் தகுதிக்கு வேண்டியது அதே பத்தாண்டுதான். அங்கே ரூ. 10,000 படியுடன், இங்கே ரூ. 1,000 படியின்றி. அரசாங்க ஊழியர் பெறுவதைக் கண்டு நாம் அழுக்காறு கொள்ள வேண்டுவதில்லை. அவர்களுக்குக் கொடுப்பது நியாயமே. விலைவாசி ஏற்றம் முதியவரைத் தாக்கும் என்பதை அரசாங்கம் அறிந்தே இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அறிந்த உண்மையை ஒரு சாராருக்கு மட்டும் கடைப்பிடிப்பது எப்படிப் பொருந்தும்?

பயிரிடுவோரும் இதைக் கருத வேண்டும். 2019-இல் சிறு குறு விவசாயிகளுக்கும், அமைப்புசாராத் தொழிலாளருக்கும் மான்தன் என்னும் பெயரால் ஓய்வூதியத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. பதினெட்டு வயதில் சேர்ந்தவர் மாதம் ரூ. 55 வீதம் அறுபது வயது வரை கட்ட வேண்டும். அரசாங்கமும் அதே அளவு செலுத்தும். அறுபதுக்குப் பின் மாதம் ரூ. 3,000. நல்ல எண்ணத்தோடு வகுத்த திட்டமே. ஆனால் நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் கைக்கு வரும் ரூ. 3,000-க்கு என்ன மதிப்பு இருக்கும்? ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் விலை ஏறுவதாக வைத்துக்கொண்டால், அன்றைய ரூ. 3,000 சேரும் நாளின் ரூ. 400-க்கும் குறைந்த சரக்கையே வாங்கும். விலைவாசியோடு இணைக்கப்படாத ஓய்வூதியத்தில் வெட்டு முதல் நாளே எழுதப்பட்டுவிடுகிறது. ஆகவே ஆலைத் தொழிலாளி இன்று கேட்கும் பஞ்சப்படி, நாளை விவசாயியும் நெசவாளியும் கேட்க வேண்டியதேயாகும்.

எதிர்ப்பக்கத்து நியாயம்

மறுபக்கத்தையும் நேர்மையோடு நோக்க வேண்டும். நிதியை மதிப்பிடும் கணக்கர்கள் அதில் பற்றாக்குறை உண்டு என்று கண்டிருப்பதாக அரசாங்கம் பார்லிமெண்டில் பன்முறை தெரிவித்திருக்கிறது. வரவு குறிப்பிட்ட விகிதம், செலவும் குறிப்பிட்ட சூத்திரம். வரவுக்கு மேல் செலவு செய்தால் நாளைய ஓய்வூதியக்காரருக்குப் பெட்டி காலியாகிவிடும் என்பது அவர்கள் வாதம். சங்கக் கணக்கை அறிந்த எவரும் இவ்வாதத்தை அலட்சியப்படுத்த மாட்டார்.

ரூ. 7,500 என்னும் கோரிக்கையையும் இவ்வொளியில் பார்க்க வேண்டும். வரம்பாகிய ரூ. 15,000 சம்பளத்தில் முழு முப்பத்தைந்து ஆண்டு உழைத்தாலும் சூத்திரம் தருவது ரூ. 7,500-தான். அதாவது, ஓய்வூதியக்காரர்கள் குறைந்தபட்சமாகக் கேட்பது, அச்சூத்திரப்படி முப்பத்தைந்து ஆண்டு உழைத்தவருக்குக் கிடைக்கும் தொகை. தொழிலாளர் நிதியிலிருந்து மட்டும் இதைக் கொடுக்க இயலாது. இதை மறைத்து மேடையில் முழங்குவது முதியவர்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது. ஆனால் இக்கணக்கிலிருந்து எழ வேண்டிய முடிவு, கோரிக்கை பேராசை என்பதன்று. வாழ்நாள் முழுதும் உழைத்தவனுக்கு ரூ. 7,500-க்கு மேல் கொடுக்க இயலாத வரம்பும் சூத்திரமும் மிகச் சிறியவை என்பதே முடிவு.

பற்றாக்குறையை யார் நிரப்புவது? இதற்கு விடை முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. 2013-இல் பகத் சிங் கோஷியாரி தலைமையில் இருந்த ராஜ்ய சபையின் மனுக்கள் குழு, அரசாங்கத்தின் பங்கை 1.16-லிருந்து 8.33-ஆக உயர்த்த வேண்டும் என்றும், குறைந்தபட்ச ஓய்வூதியம் ரூ. 3,000 ஆக வேண்டும் என்றும், விலைவாசியோடு அது இணைக்கப்பட வேண்டும் என்றும் பரிந்துரை செய்தது. எதிர்க்கட்சியின் கூச்சல் என்றோ தொழிற்சங்கத்தின் மிகை என்றோ அதைத் தள்ளிவிட முடியாது. பல கட்சியினர் அமர்ந்த பார்லிமெண்டுக் குழுவின் சொல் அது.

நிதி மெலிவதற்கு அரசாங்கம் செய்த ஒரு காரியமும் காரணமாயிற்று. 2014 செப்டம்பர் முதல் புதிதாக வேலைக்குச் சேர்வோரில் ரூ. 15,000-க்கு மேல் சம்பளம் வாங்குவோர் ஓய்வூதியத் திட்டத்தில் சேரவே கூடாது என்று விலக்கினார்கள். வரம்போ பத்தாண்டு கடந்தும் ஏறவில்லை. தில்லியில் கைத்திறன் வேண்டாத வேலைக்குரிய குறைந்தபட்சக் கூலியே அவ்வரம்பைத் தாண்டிவிட்டது. முறையான கூலி பெறும் புதிய தொழிலாளியே வெளியே நிற்கும் நிலை இது. வலியோரும் எளியோரும் ஒரே நிதியில் சேர்ந்தால்தான் ஒருவர் சுமையை மற்றொருவர் தாங்க முடியும். இது கூட்டுறவின் அரிச்சுவடி. பங்கு அதிகம் செலுத்தக் கூடியவரை வாயிலில் நிறுத்திவிட்டு, உள்ளே பணம் போதவில்லை என்று கூறும் சங்கத்தை நாம் என்னவென்று சொல்வோம்?

நம் ஏட்டில் நிகழும் வெட்டு

இதுகாறும் கூறியவற்றைப் படித்த அங்கத்தினர், குற்றம் எல்லாம் தில்லியில் இருக்கிறது என்று கருதிவிடலாகாது. சங்கங்களின் பேரேடுகளையும் சம்பளப் பட்டியல்களையும் புரட்டிப் பார்க்கும் பணியில் உள்ளவன் என்னும் முறையில் ஒன்று கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். ஓய்வூதிய வெட்டு நம் கணக்குப் புத்தகத்திலும் நிகழ்கிறது.

ஒருவர் கைக்குப் போகும் சம்பளம் ரூ. 14,000. பட்டியலில் அடிப்படைச் சம்பளம் ரூ. 7,000 என்றும், மிச்சம் பல பெயர் கொண்ட படிகள் என்றும் எழுதப்படுகிறது. ரூ. 7,000-க்கே நிதிப் பணம் கட்டப்படுகிறது. நிர்வாக சபையினர் இதைச் சிக்கனம் என்று நினைக்கின்றனர். பத்தாண்டு கழித்து அவ்வூழியருக்கு ரூ. 2,000 வர வேண்டிய இடத்தில் ரூ. 1,000-தான் வருகிறது. இப்படிப் பாதியை அறுத்தது தில்லி அன்று, நம் சங்கத்துப் பேனாதான். எல்லோருக்கும் ஒரே சீராகக் கொடுக்கும் படியை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று 2019 பிப்ரவரி 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும், விலக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கொள்ளப்படும் என்று விதி இருக்கிறது. சட்டம் வற்புறுத்துமுன் நாமே திருத்திக்கொள்வது கூட்டுறவுக்கு அழகு.

பிடித்தம் செய்த பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் செலுத்துவது விதி. நூல் வாங்கப் பணம் இல்லை, தீபாவளிக்கு முன் கூலி பட்டுவாடா செய்ய வேண்டும் என்று சொல்லி அப்பணத்தைப் புரட்டிக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நெருக்கடி உண்மையாயிருக்கலாம். ஆனால் அது சங்கத்தின் பணம் அன்று. நெசவாளர் சேமிப்பு பாதுகாப்புத் திட்டத்திற்காக அங்கத்தினர் கூலியில் பிடிக்கும் தொகைக்கும் இதுவே பொருந்தும். தறியில் இருப்பவர் தம் பிற்காலத்திற்கு என்று நம்பி விட்ட பணத்தை ஒரு நாள் தாமதித்தாலும் அந்நம்பிக்கையில் ஓர் இழை அறுகிறது.

மற்றொன்று. ஐம்பது பேருக்குக் குறைந்த ஊழியருடன், மின்விசை இன்றி நடக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளித்திருந்தது. நம் தொடக்க நெசவாளர் சங்கங்களில் பெரும்பாலானவை இவ்விலக்கின் நிழலில் இருந்தவையே. ஆனால் சட்டம் விலக்கு அளித்ததேயன்றித் தடுக்கவில்லை. நிர்வாகமும் ஊழியரில் பெரும்பான்மையோரும் இசைந்தால் தாமாகவே சேரலாம் என்று அதே சட்டம் வழியும் வைத்தது. முப்பது ஆண்டு கணக்கு எழுதிய குமாஸ்தாவும், நெய்த சரக்கை அளந்து வாங்கிய பணியாளரும் வெறுங்கையோடு வீடு திரும்புவதைக் காணும்போது, அவ்வழியை நாம் ஏன் நாடவில்லை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

செய்யத்தக்கவை

கோபம் நியாயமானது. ஆனால் கோபம் மட்டும் காரியம் சாதிப்பதில்லை. அங்கத்தினரும் ஊழியரும் உடனே செய்யக்கூடியவை சில உண்டு.

ஒவ்வோர் ஊழியரும் தம் வைப்பு நிதிக் கணக்கேட்டைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்தச் சம்பளத்திற்கு, எந்த மாதம், எவ்வளவு கட்டப்பட்டது என்பதை ஆண்டுக்கு இருமுறையேனும் சரிபார்க்க வேண்டும். பிறந்த தேதியும் வாரிசு நியமனமும் சரியாக இருக்கின்றனவா என்று இன்றே நோக்க வேண்டும். கணவன் இறந்த பிறகு மனைவி அலுவலகப் படிகளில் ஏறி இறங்குவது பெரும்பாலும் இவற்றின் பிழையாலேயே.

பத்தாண்டு நிரம்புமுன் வேலையை விட நேர்ந்தால், ஓய்வூதியப் பகுதியைப் பணமாக எடுத்துவிடாமல், பணிக்காலத்தைக் காக்கும் திட்டச் சான்றிதழைக் கேட்டுப் பெற வேண்டும். அடுத்த நிறுவனத்தில் சேரும்போது பழைய ஆண்டுகளும் சேர்ந்து எண்ணப்படும். அவசரச் செலவுக்கு என்று எடுக்கும் சிறு தொகைக்காக ஆயுள் முழுதும் வரக்கூடிய பணத்தை இழந்தவர் பலர்.

நிர்வாக சபையினர் ஆண்டறிக்கையில் நூல் கொள்முதல், விற்பனை, லாபம் ஆகியவற்றைக் கூறுவது போலவே, ஊழியர் நிதிப் பணம் நாளது வரை செலுத்தப்பட்டதா என்பதையும் ஒரு வரியில் கூற வேண்டும். கூறாவிட்டால் பொதுச்சபையில் எழுந்து கேட்பது அங்கத்தினர் கடமை.

அரசாங்கத்தினிடம் கேட்க வேண்டியவை நான்கு. அரசாங்கத்தின் பங்கை உயர்த்திக் குறைந்தபட்ச ஓய்வூதியத்தைக் கூட்டுதல். ஓய்வூதியத்தை விலைவாசியோடு இணைத்தல். பன்னிரண்டு மாதச் சராசரியை மீட்டல். சம்பள வரம்பைக் காலந்தோறும் திருத்தி, அதற்கு மேற்பட்டோரையும் திட்டத்தில் சேர்த்தல். புதிய சட்டத் தொகுப்பின்கீழ்த் திட்டங்கள் வகுக்கப்படும் காலம் இது. இப்போது பேசாமல் இருந்துவிட்டு, அறிவிப்பு வந்த பிறகு வருந்துவதில் பயன் இல்லை.

நம் தீர்மானத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்று சிலர் சலித்துக்கொள்ளலாம். கோஷியாரி குழு அறிக்கையே குடிமக்கள் கொடுத்த ஒரு மனுவின் மேல் எழுந்ததுதான். அவ்வறிக்கை வந்த மறு ஆண்டில் ரூ. 1,000 குறைந்தபட்சம் ஏற்பட்டது. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. ஆனால் கேட்டிராவிட்டால் அந்த ஆயிரமும் வந்திராது. ஆகவே அடுத்த பொதுச்சபையில் ஒவ்வொரு சங்கமும் இந்நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, தம் தொகுதிப் பார்லிமெண்டு உறுப்பினருக்கும், தொழிலாளர் அமைச்சருக்கும், ராஜ்ய சபையின் மனுக்கள் குழுவுக்கும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்தீர்மானத்தோடு மற்றொன்றையும் நிறைவேற்றுங்கள்: நம் சங்கம் தன் ஊழியரின் உண்மைச் சம்பளத்திற்கே நிதிப் பணம் கட்டும், தவணை தவறாமல் கட்டும் என்பது அது. முதல் தீர்மானத்திற்கு வலிமை கொடுப்பது இரண்டாவது தீர்மானமே.